பிஸ்கட் டப்பாவில் ஒன்பதாம் பிளாட்

ஜூன் 4

அலுவலகத்தில் களநோட்டு கொடுத்தார்கள். மழையில் நனையாது, எளிதில் கிழியாது என்று ரோஸ்லின் சொன்னார். இந்த அறக்கட்டளையின் எழுத்தர், காசாளர், ஸ்டோர் பொறுப்பாளர் மூவரும் ரோஸ்லின்தான். மின்சாரம் போனால் மெழுகுவர்த்தி தேடுபவரும் அவரே. நோட்டில் நூற்றைம்பது பக்கம், ஒவ்வொன்றிலும் அச்சிட்ட எண். பருவம் முடிந்ததும் பக்கம் குறையாமல் திருப்பித் தர வேண்டும். எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து, பணம் தருகிற பெங்களூர்க்காரர்களுக்கு அனுப்புவார்கள்.

போன வருடம் என் நோட்டில் தொண்ணூறு பக்கம் வெறுமையாகத் திரும்பிப் போனது. இவ்வளவு நல்ல தாளை வீணாக்குவது தாவரவியல்காரனுக்கு அழகல்ல. எனவே முன்பக்கத்திலிருந்து செடிகளைப் பற்றியும், பின்பக்கத்திலிருந்து என்னைப் பற்றியும் எழுதுவதாக முடிவு. பருவம் முடியும்போது இந்தப் பக்கங்களை என்ன செய்வது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

வேலை எளிது. வெள்ளைக்காரர்கள் தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் மரத்தைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள், மரம் போகவில்லை, மலையையே மூடிவிட்டது. அதை வெட்டிய இடங்களில் பழைய சோலை மரங்களின் கன்றுகளை நட்டிருக்கிறோம். மொத்தம் பன்னிரண்டு பிளாட். கன்றுக்கு ஒரு எண், எண் பொறித்த அலுமினியத் தகடு. வருடத்துக்கு ஒரு முறை, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ண வேண்டும். முப்பத்தொரு வருடம் கல்லூரியில் வருகைப்பதிவு எடுத்தவனுக்கு இது பதவி உயர்வு. வராதவனுக்காகப் பின்பெஞ்சிலிருந்து இன்னொருவன் 'உள்ளேன் ஐயா' சொல்லும் ப்ராக்ஸி வேலையைக் கன்றுகள் செய்வதில்லை.

ஜூன் 6

வேலப்பன் வந்தார். பன்னிரண்டு பிளாட்டுக்கும் அவர் ஒருவர்தான் வாட்சர். நாற்பது வயதைத் தாண்டியவர். என்னைப் போல இரண்டு பேரைச் சுமந்துகொண்டு மேடேறக்கூடியவர். அவர் மனைவி குருவம்மாளுக்கு எங்கள் நாற்றங்காலில் வேலை. வீட்டில் இரண்டு கறவை மாடு. தினமும் காலை என் அறைக்கு ஒரு சொம்பு பால் வந்துவிடும், இன்றும் வந்தது. இந்த மலையில் என்னைப் புரொபசர் என்று அழைப்பதும், நுரையோடு காப்பி குடிக்கக் கிடைப்பதும் வருடத்தில் ஐந்து மாதம்தான். கீழே ஊரில் நான் மூன்றாம் மாடி, பி பிளாக்.

வேலப்பன் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார். உள்ளே செத்த கன்றுகளின் தகடுகள். கன்று செத்தால் வாட்சர் தகட்டை அவிழ்த்து வைத்திருந்து, எண்ண வருபவரிடம் கொடுப்பது இங்கே வழக்கம்.

"ஒம்போதாம் பிளாட்டுதான் சார் பூராம். ஒருவாட்டி பாத்துருங்க."

பார்க்கிறேன் என்று கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். நினைத்ததைவிடக் கனம்.

ஜூன் 21

ஐந்து பிளாட் முடிந்தது. வேலப்பன் குனிந்து தகட்டு எண்ணைச் சொல்வார், நான் எழுதுவேன். தாளின் அடியில் 'சொன்னவர்' என்று ஒரு கையெழுத்து, 'எழுதியவர்' என்று ஒரு கையெழுத்து. இருவர் சேர்ந்து பொய் சொல்வது கடினம் என்பது இந்த ஏற்பாட்டின் தத்துவம்.

வலது முழங்கால் இரண்டு நாளாகத் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ரோஸ்லின் கொடுத்த படிவத்தில் 'உடல்தகுதி: நன்று' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். முழங்காலைக் கேட்டு எழுதவில்லை.

ஜூலை 8

எட்டாம் பிளாட். நாள் முழுக்க மழை. அட்டைகள் பதினாறு, நான் ஒருவன். அடுத்தது ஒன்பது. அது பள்ளத்துக்கு அந்தப் பக்கம். இறங்க இரண்டு மணி நேரம், ஏற மூன்று.

ஜூலை 11

வேலப்பன் மகளுக்குக் கண் காட்ட வத்தலக்குண்டு போயிருக்கிறார். ஒன்பதாம் பிளாட் முடிந்தது. 381-இல் 362 உயிருடன். வளர்ச்சி நன்று. மழை விடவே இல்லை. அந்தோணி கடையில் வாழைக்காய் பஜ்ஜி, நான்கு. மதியம் முழுக்க அங்கேயே உட்கார்ந்து மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 13

ஒன்பதாம் பிளாட் தாளில் வேலப்பனிடம் கையெழுத்து வாங்கினேன். "நான் இல்லாமயே எண்ணிட்டீகளா சார்" என்றார். ஆமாம் என்றேன். அவர் தாளைப் படிக்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்க அவருக்கு நேரம் பிடிக்கும், எனக்கோ அவசரம். 'சொன்னவர்' என்ற இடத்தைக் காட்டினேன். தாள் கிழிகிற மாதிரி பேனாவை அழுத்தித் தன் பெயரை எழுதினார். டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு சார் என்று கேட்டார், பிறகு குடித்தார்.

ஜூலை 30

பன்னிரண்டும் முடிந்து தாள்களை ஒப்படைத்தேன். இயக்குநர் சுதர்சனா சென்னையிலிருந்து வந்திருந்தார். மலையை நேசிப்பவர், மாதம் இரண்டு நாள் நேரில் வந்து நேசிப்பார். ஒன்பதாம் பிளாட்டில் தொண்ணூற்றைந்து சதவீதம் பிழைத்திருப்பது இந்த மலையிலேயே அதிகம் என்று கண் விரிந்தது அவருக்கு. எப்படி புரொபசர் என்று கேட்டார். அந்தச் சரிவின் ஈரத்தைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினேன். பேசப் பேச எனக்கே நம்பிக்கை வந்தது.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். ஆண்டறிக்கை வெளியீடு. எனக்குச் சால்வை. அறிக்கையின் அட்டையில் 'ஒன்பதாம் பிளாட்: ஒரு வெற்றிக்கதை' என்று போட்டிருக்கிறார்கள். அட்டைப் படம் நான்காம் பிளாட்டில் எடுத்தது. ஒன்பதுக்கு யாரும் போகவில்லை.

சால்வை நல்ல கதகதப்பு.

செப்டம்பர் 2

பெங்களூரிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். பன்னிரண்டு பிளாட் இருக்க, அவர்கள் பார்க்க விரும்புவது ஒன்பது. முழங்கால் வலி இன்று அதிகம் என்று ரோஸ்லினிடம் சொல்லிவிட்டேன். ஜூலையிலேயே இதைச் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை என்று எழுத ஆரம்பித்தேன். தோன்றியது.

செப்டம்பர் 5

நாற்பத்தேழு.

ஜூலையில் 362, செப்டம்பரில் பெங்களூர்க்காரர்கள் எண்ணியபோது 47. செடிகள் நடந்து போவதில்லை என்பது முதலாம் ஆண்டுப் பாடம். பிளாட்டில் சாணம் கிடந்ததாம். ஆக, இடையில் யாரோ மாட்டை இறக்கி மேய்த்திருக்கிறார்கள் என்பது அவர்கள் முடிவு. அங்கே காட்டுமாடுகள் கூட்டமாக வந்து போகும். அதன் சாணத்துக்கும் வீட்டுமாட்டின் சாணத்துக்கும் உள்ள வித்தியாசம் பெங்களூரில் தெரியாது. எனக்குத் தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் அறையை விட்டு வெளியே போகவில்லை.

பன்னிரண்டு பிளாட்டுக்கும் வாட்சர் ஒருவர்தான், அவர் வீட்டில் மாடு இருக்கிறது.

செப்டம்பர் 7

விசாரணை. அலுவலக மேசையின் ஒரு பக்கம் சுதர்சனா, நான். எதிரே வேலப்பன் நின்றார். உட்காரச் சொன்னார்கள், நின்றார்.

மாடு போகவில்லை என்றார். மார்கழிக் கடைசியில் உறைபனி விழுந்து கன்றெல்லாம் கருகியது, அப்போதே அலுவலகத்தில் சொன்னேன், ஜூன் மாதம் எண்ண வருகிறவரிடம் சொல்லச் சொன்னார்கள் என்றார். சுதர்சனா குரலை உயர்த்தவில்லை. அவர் என்றைக்குமே உயர்த்துவதில்லை. ஜூலை மாதத் தாளை வேலப்பன் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஜனவரியில கருகினது ஜூலையில எப்படி உயிரோட இருக்கும் வேலப்பன்? சார் எண்ணியிருக்காரு. நீங்களே கூட இருந்து சொல்லி, கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

வேலப்பன் தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார் எண்ணுனா சரியாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான். டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எண்ணிக்கையில் சிறு பிழை இருக்கலாம் என்று நான் சொன்னேன். முந்நூற்றுப் பதினைந்து சிறு பிழையா என்று சுதர்சனா சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இங்கே எழுத வேண்டாம் என்று பார்த்தேன். நோட்டில் எவ்வளவோ எழுதியிருக்கிறேன், இதுவும் கிடக்கட்டும்.

வேலப்பனுக்கு வாட்சர் வேலை போயிற்று. மாடுகளை அப்புறப்படுத்தினால் தினக்கூலிக்கு எடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள்.

செப்டம்பர் 8

காலையில் பால் வழக்கம்போல வந்தது.

கட்டிலுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தேன். தகடுகள் சிறு சிறு பொட்டலங்களாக இருந்தன. ஒவ்வொரு பொட்டலமும் தினசரி காலண்டர் தாளில் சுற்றி, நூலால் கட்டியது. தகட்டை அவிழ்த்த நாளின் தாளிலேயே அந்த நாளின் தகடுகள். எழுதச் சிரமப்படுகிறவர் தேதி போட இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. முனைவர் பட்ட ஆய்வுகள் பலவற்றுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். இவ்வளவு ஒழுங்கான தரவு எதிலும் இல்லை.

ஜனவரி 22-இல் ஐம்பத்தெட்டு. 23-இல் நூற்று முப்பத்தேழு. 24-இல் எண்பத்து நான்கு. மீதி ஐம்பத்திரண்டு பிப்ரவரியில். மொத்தம் 331. நூற்று முப்பத்தேழு கன்றுகளின் தகட்டை அவிழ்த்த நாளின் தாளில் என் ராசிக்குப் பலன்: பாராட்டு. ஏழு மாதம் தாமதமாக வந்தது, சால்வையோடு.

நடந்ததை எழுதுகிறேன். ஜூலை 11 அன்று நான் எழுதியதில் பஜ்ஜி மட்டுமே உண்மை. பள்ளத்தில் இறங்கவில்லை. அந்தோணி கடைப் பெஞ்சில் உட்கார்ந்து போன வருடத் தாளை எடுத்தேன். வழக்கமான சாவு ஐந்து சதவீதம் என்று கழித்தேன், ஒவ்வொரு கன்றும் நான்கு விரற்கடை வளர்ந்ததாகப் போட்டேன். சந்தேகம் வராமலிருக்க, இரண்டு கன்றுகளில் பூச்சி அரிப்பு என்றும் எழுதினேன். முழங்கால் வலிக்கிறது என்று சொன்னால் அடுத்த வருடம் கூப்பிடமாட்டார்கள் என்பது காரணம். வேறு காரணம் இருந்தால் நன்றாக இருக்கும், தேடிப் பார்த்தேன், இல்லை.

முப்பத்தொரு வருடம் ப்ராக்ஸி கொடுத்தவர்களை எழுப்பி நிறுத்தினேன். முந்நூறுக்கு மேற்பட்ட செத்த கன்றுகளுக்கு 'உள்ளேன் ஐயா' சொன்ன ஒரே ஆசிரியன் நான்தான். அதற்கு வேலப்பனையும் சாட்சியாகக் கையெழுத்துப் போட வைத்தேன்.

செப்டம்பர் 11

'சார் எண்ணுனா சரியாத்தான் இருக்கும்.' இந்த வாக்கியத்தை நான்கு நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஏளனம் இருந்தால் நிம்மதியாக இருக்கும். இல்லை.

செப்டம்பர் 14

கடுங்காப்பி. மாடுகளை நேற்று விற்றுவிட்டார்கள். பால் இல்லை என்று சொல்ல குருவம்மாளே மேலே ஏறி வந்தார். "இனிமே கடையில சொல்லி வச்சிக்கங்க சார்" என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். பரவாயில்லை, பரவாயில்லை என்றேன். பரவாயில்லையாம்.

செப்டம்பர் 20

சுதர்சனா வந்திருந்தார். டப்பாவோடு போனேன். பள்ளத்தில் இறங்கவே இல்லை என்பதிலிருந்து டப்பாவில் இருந்த தேதிகள் வரை எல்லாம் சொன்னேன். பேசி முடித்ததும் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டது போல இருந்தது. அவர் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கவனமாகத் திரும்ப வைத்தார்.

"உங்க மனசு புரியுது சார். ஆனா எழுத்துல எதுவும் வேண்டாம்."

காரணம் சொன்னார். ஒரு பிளாட்டின் கணக்கு பொய் என்று தெரிந்தால் பன்னிரண்டின் கணக்கையும் பெங்களூர் நம்பாது. பணம் நிற்கும். நாற்றங்காலில் இருபது பெண்கள் வேலை செய்கிறார்கள். மாடு மேய்ந்தது என்றால் அது ஒரு வாட்சரோடு முடியும். அடுத்த வருடம் வேலப்பனுக்கு ஏதாவது பார்க்கலாம். நானும் ஜூனில் வழக்கம்போல வர வேண்டும், தூரத்துப் பிளாட்டுகளுக்கு ஜீப் ஏற்பாடு செய்வார்.

ஜீப்பில் போகலாம் என்று கேட்டதும் என் முழங்காலுக்கு உண்டான ஆறுதலை மறைக்க விரும்பவில்லை. ஒரு குற்றவாளியைத் தண்டிக்காமல் விட்டால் அவன் இருபது பெண்களின் நலனைப் பற்றி எவ்வளவு ஆழமாகச் சிந்திக்கிறான் என்பதை இன்று மாலை முழுவதும் கவனித்தேன்.

செப்டம்பர் 22

ஒன்றும் செய்யவில்லை.

செப்டம்பர் 23

ஒன்றும் செய்யவில்லை. கடையில் பால் வாங்கவும் இல்லை. இதைத் தவம் என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்காக இன்று ஒரு பாக்கெட் வாங்கினேன். திரிந்துவிட்டது.

செப்டம்பர் 28

வேலப்பன் வீட்டுக்குப் போனேன். இருவரும் வாசலில் மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள், வேறு யாரோ ஒருவருடைய பூண்டு, கூலிக்கு. மாட்டுக்கொட்டகையைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அதில் சைக்கிள் நின்றது.

சொன்னேன். சுதர்சனாவிடம் சொன்னதைவிட இங்கே சீக்கிரம் முடிந்தது. இவர்களுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வேலப்பன் கைவேலையை நிறுத்தவில்லை. "தெரியும் சார்" என்றார். அந்த மழையில் பள்ளத்தில் யாரும் இறங்கியிருந்தால் சேற்றில் தடம் இருந்திருக்கும், மறுநாள் அவர் போனபோது இல்லை. அப்படியென்றால் விசாரணையில் டப்பாவைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"டப்பா உங்ககிட்டதான சார் இருந்துச்சு. நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்."

குருவம்மாள் ஒரு பூண்டைப் பல் பல்லாகப் பிரித்து முறத்தில் போட்டார்.

"காலு வலின்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல சார். இவுக உங்களத் தூக்கிட்டே எறங்கியிருப்பாக. போன வருசம் நாற்றங்காலுக்குச் சிமெண்டு மூட்டை தூக்கலையா?"

வேலப்பனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். நான் அந்த இருபது பெண்களை முன்னால் நிறுத்தினேன். உண்மை வெளியே போனால் அவர்கள் வேலை போகலாம், அதனால்தான் யோசிக்கிறேன் என்றேன். குரல் சுதர்சனாவின் குரல் மாதிரியே வந்தது, உயராமல்.

"அந்த இருவதுல நானும் ஒருத்தி" என்றார் குருவம்மாள். "எங்ககிட்ட யாராச்சும் கேட்டாகளா? ஊருக்குள்ள மாடு மேச்சவன் பொண்டாட்டின்னு எம்பேரு. அதுக்கும் என்கிட்ட யாரும் கேக்கல."

நான் எழுந்தபோது, வேலப்பனும் எழுந்து டப்பா பத்திரமா என்று கேட்டார். பத்திரம் என்றேன். அதில் பாதிக் கன்று காட்டுப்பூவரசு, அது கருகினாலும் சிலது தூரிலிருந்து திரும்ப வரும், தகடு தொலைந்தால் எது எதுவென்று தெரியாமல் போகும் என்றார். வேலை போய் மூன்று வாரமாகிறது அவருக்கு.

அக்டோபர் 3

ஒன்பதாம் பிளாட்டுக்குப் போனோம். இறங்க எனக்கு மூன்றரை மணி நேரம். இரண்டு இடத்தில் உட்கார்ந்து சறுக்கினேன், ஓர் இடத்தில் வேலப்பன் முதுகைக் காட்டினார், வேண்டாம் என்று பார்த்துவிட்டு ஏறிக்கொண்டேன். சிமெண்டு மூட்டை இதைவிடக் கொஞ்சம் எடை கூடுதல், ஆனால் பேசாது என்றார்.

கருகிய குச்சிகள் வரிசை வரிசையாக நின்றன. பெங்களூர்க்காரர்கள் எண்ணியது சரி, நாற்பத்தேழு; டப்பா என்னிடம் வந்த பிறகு இன்னும் மூன்று செத்திருக்கின்றன. ஆனால் அவர்கள் நின்றபடி எண்ணியிருக்கிறார்கள். குனிந்து புல்லை விலக்கினால் செத்த குச்சியின் தூரில் சிவப்பாகத் தளிர் வந்திருப்பது தெரியும். அப்படி ஆறு. எல்லாம் காட்டுப்பூவரசு. எந்த வரிசையில் எத்தனையாவது என்று வேலப்பன் மனப்பாடமாகச் சொன்னார். நான் பொட்டலங்களில் அந்த எண்களைத் தேடி எடுத்துக் கொடுத்தேன், அவர் திரும்பக் கட்டினார்.

இந்த முறை வேலையை மாற்றிக்கொண்டோம். நான் மண்டியிட்டுக் குனிந்து சொன்னேன், அவர் எழுதினார். ஒரு எண்ணுக்கு ஒரு நிமிடம் ஆனது, என் முழங்கால் ஒவ்வொரு நிமிடத்தையும் குறித்துக்கொண்டது. அவசரமில்லை என்றேன், அவரும் அவசரப்படவில்லை. ஐம்பத்து மூன்று. இந்த நோட்டின் முன்பகுதியில் நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்து நான்காம் பக்கம் வரை அவர் கையெழுத்தில் இருக்கிறது. அடியில், சொன்னவர்: ஞானசிகாமணி. எழுதியவர்: வே. வேலப்பன். கையெழுத்துப் போடும் முன் தாள் முழுவதையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். நான் காத்திருந்தேன்.

அக்டோபர் 6

அலுவலகம். பருவம் முடிந்தது. ரோஸ்லின் மற்றவர்களின் நோட்டுகளை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறார், நான் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மடியில் டப்பா. அதற்கும் ரசீது வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பழைய பிஸ்கட் டப்பாவுக்கு எந்தப் பதிவேடு என்று அவர் குழம்பியிருக்கிறார்.

ஸ்கேன் ஆன பக்கங்கள் அப்படியே நேராகப் பெங்களூருக்குப் போகும், இயக்குநர் பார்ப்பதில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். படிப்பவர்கள் அங்கே இருக்கிறார்களாம், பக்கம் பக்கமாகப் பார்ப்பார்களாம். எழுத்தில் எதுவும் வேண்டாம் என்றார் சுதர்சனா. நான் புதிதாக எதுவும் எழுதித் தரவில்லை. ஜூன் நான்காம் தேதியிலிருந்தே எல்லாம் எழுத்தில்தான் இருக்கிறது.

காலையில் ஒரு முறை, ஜூலை 11-ஐ மட்டும் கிழித்துவிட்டால் என்ன என்று கைவைத்துப் பார்த்தேன். ரோஸ்லின் சொன்னது உண்மை, எளிதில் கிழியவில்லை. இரண்டாம் முறை இழுக்கவில்லை. அந்தப் பக்கத்தின் மேல் ஓரத்தில் ஒரு விரலகலம் கிழிசல் இருக்கும், அது என்னுடையது.

இருபது பேரைப் பற்றி சுதர்சனா சொன்னது நடக்கலாம். நடந்தால் அதுவும் என் கணக்கில்தான் சேரும். வேலப்பனின் மாடுகளை இந்த நோட்டு திருப்பிக் கொண்டுவராது. மறு ஜூனில் எனக்கு மூன்றாம் மாடி, பி பிளாக்.

ரோஸ்லின் என்னைக் கூப்பிடுகிறார். பின்பக்கமும் ஏதோ எழுதியிருக்கிறீர்களே சார், அது எதைப் பற்றி, எந்தத் தலைப்பில் பதிய வேண்டும் என்கிறார். ஒன்பதாம் பிளாட் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். கை நீட்டுகிறார்.

பக்கம் எதுவும் குறையவில்லை.